நிலக்கரியும் கிராமமும்: ஹாயர்ஸ்டார்ஃப் முதல் வளையமாதேவி வரை

கிராமத்தில் ஒரு குடும்பத்தின் நிலம் எடுக்கப்படப்போவதாக அறிவிப்பு வருமாயின், அக்குடும்பத்தார் முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் செல்வர். அடுத்து வழக்கறிஞரைத் தேடுவர். இவை யாவும் பயன்படாதபோதே போதகரிடம் வருவர். அந்நேரத்தில் போதகர் ஜெபிக்கலாம்; ஆறுதல் கூறலாம்; வயலோரத்தில் மக்களோடு நிற்கவும் செய்யலாம். ஆனால் அந்நிலத்தைப் பற்றிய தீர்மானம் பல ஆண்டுகளுக்கு முன்னரே முடிந்து, ஏட்டில் ஏறியிருக்கும். இந்தக் காலதாமதம் எவ்வாறு நேர்கிறது, அதைத் தவிர்க்க இயலுமா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதற்கென இரண்டு சிற்றூர்களை எடுத்துக்கொள்கிறோம். ஒன்று, ஜெர்மனியில் லைப்சிக் நகருக்குத் தெற்கே இருந்த ஹாயர்ஸ்டார்ஃப். மற்றொன்று, கடலூர் மாவட்டத்தில் சேத்தியாத்தோப்புக்கு அருகில் உள்ள வளையமாதேவி. மொழியாலும் தட்பவெப்பத்தாலும் பயிராலும் வேறுபட்ட இவ்விரண்டையும் இணைப்பது நிலத்தடியில் கிடக்கும் பழுப்பு நிலக்கரியே.

லைப்சிக் என்னும் பெயர் நம் திருச்சபை வரலாற்றில் அந்நியமானதன்று. 1836-இல் டிரெஸ்டன் நகரில் தொடங்கி, 1848-இல் லைப்சிக்குக்கு மாறிய லுத்தரன் மிஷன் சங்கம் தமிழ்நாட்டில் நெடுங்காலம் ஊழியம் செய்தது. அதற்கு முன்பே, 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கும் சாக்சனியைச் சேர்ந்த புல்ஸ்னிட்ஸ் என்னும் ஊரில் பிறந்தவரே. நமக்கு மிஷனரிகளை அனுப்பிய அந்த நாட்டின் கிராமங்கள் என்ன ஆயின என்று கேட்பது நமக்குத் தகும்.

1. ஊரும் மாளிகையும்

சாக்சனியின் பழைய கிராமங்களில் பல ஒரே சாயலில் அமைந்தவை. நடுவில் கல்லால் கட்டப்பட்ட ஆலயம். அதைச் சுற்றிக் கல்லறைத் தோட்டம். தெருவின் இருபுறமும் குடியானவர்களின் வீடுகளும் தொழுவங்களும். பல ஊர்களில் இவற்றோடு ஒரு பண்ணை மாளிகையும் இருந்தது. அம்மாளிகையையும் அதைச் சேர்ந்த நிலத்தையும் ஜெர்மானியர் 'ரிட்டர்கூட்' என்பர். படைவீரப் பிரபுவின் நிலம் என்பது அதன் பொருள்.

மாளிகையின் தலைவர் வெறும் நிலக்கிழார் அல்லர். குடியானவர்கள் அவருக்கு வாரமும் வரியும் செலுத்தியதோடு, குறிப்பிட்ட நாட்களில் அவருடைய வயலில் கூலியின்றி உழைக்கவும் கடமைப்பட்டிருந்தனர். சிறு வழக்குகளை விசாரிக்கும் அதிகாரமும் அவரிடமே இருந்தது. பல ஊர்களில் ஆலயத்தைப் பராமரிக்கும் பொறுப்பும், போதகரை நியமனத்துக்கு முன்மொழியும் உரிமையும் அவருக்கு இருந்தன. ஆலயத்துக்குள் அவர் குடும்பத்தாருக்கெனத் தனி இருக்கை மாடம் அமைந்திருந்தது. மிராசுதாரும் பண்ணையாளும் வாழ்ந்த ஊர்களையும், கோயிலில் முதல் மரியாதைக்கு நிகழ்ந்த பூசல்களையும் அறிந்த நமக்கு இந்த அமைப்பை விளக்கத் தேவையில்லை. அங்கும் நிலமில்லாதோர் இருந்தனர்; ஊர் ஓரத்தில் சிறு வீடும் சிறு தோட்டமும் மட்டும் உடையவர்களாய் மற்றவர் நிலத்தில் உழைத்தனர்.

இந்த அமைப்பு படிப்படியாகக் கலைந்தது. 1832-இல் சாக்சனியில் இயற்றப்பட்ட சட்டம் குடியானவர்கள் பணம் செலுத்தித் தங்கள் பழைய கடமைகளிலிருந்து விடுபட வழி செய்தது. 1945-இல், சோவியத் படையின் ஆளுகைக்குட்பட்ட கிழக்குப் பகுதியில், 100 ஹெக்டேருக்கு மேற்பட்ட பெருநிலங்கள் இழப்பீடின்றிப் பறிமுதல் செய்யப்பட்டுப் பங்கிடப்பட்டன. பல மாளிகைகள் இடிக்கப்பட்டு, அவற்றின் கற்கள் புதிய உழவர்களின் வீடுகளுக்குப் பயன்பட்டன. 1952-க்கும் 1960-க்கும் இடையில் அந்தச் சிறு நிலங்களும் கூட்டுப் பண்ணைகளில் சேர்க்கப்பட்டன. 1990-இல் இரு ஜெர்மனிகளும் இணைந்தபோது உடைமை முறை மீண்டும் மாறியது.

இங்கு நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரபு போனார், அரசு வந்தது, கூட்டுப் பண்ணை வந்தது, அதுவும் போயிற்று. பத்திரத்தில் பெயர்கள் மாறின. ஆயினும் ஊர் நின்றது. அதே தெருவில் பிள்ளைகள் பிறந்தனர். அதே கல்லறைத் தோட்டத்தில் முதியோர் அடக்கம் செய்யப்பட்டனர். உடைமை வேறு, ஊர் வேறு என்பதற்கு இந்த நூற்றைம்பது ஆண்டு வரலாறே சான்று. உடைமையோடு ஊரையும் சேர்த்து அழிக்கும் ஆற்றல் பிரபுவுக்கும் இல்லை, கட்சிக்கும் இல்லை. அது சுரங்கத்துக்கே இருந்தது.

2. நிலத்தடியில் இருப்பது

பழுப்பு நிலக்கரி முதிராத நிலக்கரி. அதில் ஈரம் மிகுதி. வெப்ப ஆற்றல் குறைவு. ஆதலால் அதைத் தொலைவுக்கு எடுத்துச் செல்வது கட்டுப்படியாகாது. சுரங்கத்தின் அருகிலேயே அனல்மின் நிலையத்தை அமைத்து அங்கேயே எரிக்க வேண்டும். அது பரந்த படுகையாய்க் கிடப்பதால், பூமிக்கடியில் குடைந்து செல்லாமல் மேல்மண் முழுவதையும் அகற்றித் திறந்தவெளியில் வெட்டுகின்றனர். நெய்வேலியில் ஒரு டன் நிலக்கரிக்கு ஐந்து கனமீட்டருக்கும் மேற்பட்ட மண்ணை அகற்ற நேர்கிறது. அகற்றப்படும் அந்த மண்ணில்தான் வயலும் கிணறும் வீடும் ஆலயமும் கல்லறையும் இருக்கின்றன. திறந்தவெளிச் சுரங்கம் ஊரைச் சுற்றிப் போக இயலாததற்குக் காரணம் இதுவே.

நெய்வேலியின் வரலாறு நம் வாசகர்களில் பலர் அறிந்ததே. 1935-இல் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு கரிய பொருளும் வெளிவந்தது. 1956-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவு பெற்றது. 1957 மே மாதத்தில் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் நிலக்கரி எட்டப்பட்டது. 1962-இல் சோவியத் உதவியோடு அமைந்த மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. சுரங்க வேலைக்குரிய முறையோ ஜெர்மனியிலிருந்து வந்தது. வாளிகள் கோத்த பெருஞ்சக்கரம் சுழன்று மண்ணை வெட்ட, ஓடும் பட்டைகள் அதைச் சுமந்துசெல்லும் அந்த இயந்திர முறையே லைப்சிக்கின் தெற்கிலும் கையாளப்பட்டது. எனவே இரு ஊர்களையும் ஒப்பிடுவது நம் கற்பனை அன்று. இரண்டின் எல்லையிலும் வந்து நின்றது ஒரே வகை இயந்திரம்.

3. எம்மாவு ஆலயத்தின் பயணம்

ஹாயர்ஸ்டார்ஃப் 1297-ஆம் ஆண்டு ஆவணத்தில் பெயர் காணப்படும் பழைய ஊர். அதன் ஆலயம் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. தடித்த கற்சுவர்களைக் கொண்ட சிறிய கட்டடம். எம்மாவு ஆலயம் என்பது அதன் பெயர். ஊருக்கு அடியிலிருந்த நிலக்கரி அருகிலுள்ள லிப்பென்டார்ஃப் மின்நிலையத்துக்கு வேண்டப்பட்டது. ஊரார் எளிதில் இணங்கவில்லை. ஊரைக் கலைக்கச் சாக்சனி அரசு இயற்றிய சட்டத்தை 2000-இல் அம்மாநில அரசியல் சட்ட நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது. அரசு 2004-இல் மற்றொரு சட்டம் இயற்றியது. 2005-இல் நீதிமன்றம் அதனை ஏற்றுக்கொண்டது. அத்துடன் ஊரின் வழக்கு முடிந்தது.

ஆலயத்தை மட்டும் காப்பாற்ற ஒரு வழி காணப்பட்டது. சுவர்களை இரும்புக் கட்டுகளால் இறுக்கி, அடித்தளத்தோடு உயர்த்தி, பல சக்கரங்கள் கொண்ட ஊர்தியில் ஏற்றினர். அறுநூறு டன்னுக்கும் மேற்பட்ட அந்தக் கட்டடம் 2007 அக்டோபர் 23 அன்று புறப்பட்டு, மனிதன் நடக்கும் வேகத்தினும் குறைந்த வேகத்தில் 12 கிலோமீட்டர் சென்று, அக்டோபர் 31 ஆகிய சீர்திருத்தத் திருநாளன்று போர்ணா நகரை அடைந்தது. வழிநெடுகத் திரளான மக்கள் நின்று பார்த்தனர். இன்று அது போர்ணாவில், மார்ட்டின் லுத்தர் பெயரால் அமைந்த சதுக்கத்தில் நிற்கிறது. ஹாயர்ஸ்டார்ஃபில் இருந்த மற்றோர் ஆலயமாகிய தாபோருக்கு அந்தப் பேறு கிட்டவில்லை, அது இடிக்கப்பட்டது.

இந்த நிகழ்ச்சியைப் பொறியியல் சாதனையாகப் பலர் போற்றினர். சாதனையே, ஐயமில்லை. ஆனால் இறையியல் மாணவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஆலயம் சென்றது, அதைத் தங்கள் ஆலயம் என்று அழைத்த சபை எங்கே சென்றது? குடும்பங்கள் வெவ்வேறு ஊர்களில் குடியேறின. ஞாயிறுதோறும் ஒரே வாங்கில் அமர்ந்தவர்கள் அயலார் அல்லாதவர் ஆயினர். அண்டை வீட்டார் என்னும் உறவு அற்றது. கட்டடத்தைச் சக்கரத்தில் ஏற்றலாம். அண்டை அயலை ஏற்ற முடியாது. சபை என்பது கட்டடமன்று என்று நாம் பிரசங்கத்தில் எளிதாகக் கூறுகிறோம். சபை என்பது இடத்தையும் சார்ந்தது என்பதை ஹாயர்ஸ்டார்ஃப் நமக்கு மறுபுறமிருந்து போதிக்கிறது.

4. வளையமாதேவி

இனி நம் ஊருக்கு வருவோம். வளையமாதேவி, மேல், கீழ் என இரு பிரிவுகளாக வழங்கும் வேளாண்மைக் கிராமம். சோழர் காலத்தில் அரசியர் பெயரால் ஊர்கள் அமைந்ததைச் செம்பியன் மாதேவி போன்ற ஊர்ப்பெயர்கள் காட்டுகின்றன. வளையமாதேவி என்னும் பெயரும் அந்த மரபை நினைவூட்டுகிறது. இங்கு ஜெர்மானியப் பாணியில் மாளிகை இல்லை. ஆனால் நிலம் உடையவர், குத்தகைக்கு உழுபவர், நாள்கூலிக்கு நாற்று நடுபவர் என்னும் அடுக்கு இங்கும் உண்டு.

நெய்வேலி நிறுவனத்தின் இரண்டாம் சுரங்க விரிவுக்காகப் பரவனாற்றை வேறு வழியில் திருப்பிவிட வேண்டியிருந்தது. ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள புதிய வாய்க்காலில் பெரும்பகுதி முடிந்து, வளையமாதேவிப் பகுதியில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் எஞ்சியிருந்தது. அதற்குரிய நிலங்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே, 2006-க்கும் 2013-க்கும் இடையில், கையகப்படுத்தப்பட்டிருந்தன. ஆனால் நிறுவனம் உடனே நிலத்தில் இறங்கவில்லை. உழவர்கள் வழக்கம்போல் உழுதனர், விதைத்தனர், அறுத்தனர். பத்திரத்தில் ஒருவர், ஏரில் மற்றொருவர் என்ற நிலை ஏறத்தாழப் பத்தாண்டுக்கும் மேலாக நீடித்தது.

2023 ஜூலை 26 அன்று, காவல் பாதுகாப்போடு, மண்வெட்டும் இயந்திரங்கள் பச்சை நெற்பயிர் நின்ற வயலில் இறங்கின. அந்தக் காட்சி தமிழகம் முழுவதும் பரவியது. இரண்டு நாட்களுக்குப்பின் நெய்வேலியில் நடந்த போராட்டம் வன்முறையில் முடிந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கை விசாரித்த நீதிபதி, அறுவடைவரை இரண்டு மாதம் காத்திருக்க இயலாதா என்று வருத்தத்தோடு வினவினார். பின்னர், அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு ரூ.40,000 வழங்கவும், எஞ்சிய பயிரை அறுவடை செய்தபின் செப்டம்பர் 15-க்குள் உழவர்கள் நிலத்தை ஒப்படைக்கவும் நீதிமன்றம் உத்தரவிட்டது.

இங்கு நாம் நடுநிலையோடு சிந்திக்க வேண்டும். நிலத்துக்குப் பணம் கொடுத்தாயிற்று, மழைக்காலத்துக்கு முன் ஆற்றைத் திருப்பாவிடில் வெள்ளம் சூழும் என்று நிறுவனம் கூறியது. சட்டத்தின்படி அந்த வாதத்துக்கு இடம் உண்டு. உழவரோ, கொடுத்த விலை பழைய விலை என்றும், வாக்களித்த வேலை எல்லாருக்கும் கிடைக்கவில்லை என்றும் கூறினர். அந்த முறையீட்டிலும் நியாயம் உண்டு. இரு தரப்பாரும் நிலத்தைப் பற்றியே பேசினர். நிலம் இல்லாதவரைப் பற்றி யார் பேசினர்? அந்த வயலில் களையெடுத்தும் கதிரறுத்தும் பிழைத்த பெண்களின் பெயர் எந்தப் பத்திரத்திலும் இல்லை. பத்திரத்தில் பெயர் இல்லாதவருக்கு இழப்பீட்டுப் பட்டியலிலும் பெயர் இராது. 1894-ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டம் முதன்மையாக நிலத்தில் உரிமையுடையவரையே நோக்கியது. 2013-ஆம் ஆண்டின் சட்டமோ, நிலமெடுப்புக்கு முன் மூன்றாண்டுகள் அந்நிலத்தைச் சார்ந்து வாழ்ந்த வேளாண் கூலிகளையும் குத்தகையாளரையும் பாதிக்கப்பட்ட குடும்பத்தாராக ஏற்றுக்கொள்கிறது. முன்பே எடுக்கப்பட்டுவிட்ட நிலத்தைச் சார்ந்தவர்களுக்கு அந்த மாற்றம் காலங்கடந்து வந்த மழை போன்றது.

5. தீர்மானம் எப்போது எடுக்கப்படுகிறது?

ஹாயர்ஸ்டார்ஃபுக்கு அண்மையில் போடல்விட்ஸ் என்னும் சிற்றூர் உண்டு. அதன் அடியிலும் நிலக்கரி இருந்தது. ஊராரில் பெரும்பாலோர் வீடுகளை நிறுவனத்துக்கு விற்று வெளியேறினர். சிலர் மறுத்துத் தங்கினர். ஜெர்மனி நிலக்கரியைக் கைவிடத் தீர்மானித்த பின்னர், 2021-இல் அவ்வூர் அழிக்கப்படாது என்பது உறுதியாயிற்று. ஊர் பிழைத்தது. ஆனால் வீடுகளில் பெரும்பாலானவை ஆளின்றிக் கிடந்தன. தீர்மானம் சில ஆண்டுகள் முன்னதாக வந்திருந்தால் ஊரோடு ஊராரும் பிழைத்திருப்பர்.

நம் பகுதியில் இதற்கு மாறான ஒரு நிகழ்ச்சியைக் காண்கிறோம். 2023-இன் தொடக்கத்தில் மத்திய அரசு ஏலத்துக்கு அறிவித்த நிலக்கரிப் பகுதிகளில் சேத்தியாத்தோப்புக்குக் கிழக்குப் பகுதியும், அரியலூர் மாவட்டத்து மைக்கேல்பட்டியும், தஞ்சை மாவட்டத்து வடசேரியும் இடம்பெற்றிருந்தன. அவை காவிரிப் படுகையில் உள்ளவை. அப்படுகையை வேளாண்மைக்கெனப் பாதுகாக்கும் மாநிலச் சட்டம் 2020-இலேயே வந்திருந்தது. எதிர்ப்பு எழுந்தது, ஏப்ரல் மாதத்திலேயே அம்மூன்றும் ஏலப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. ஒரே ஆண்டில், ஒரே வட்டாரத்தில், ஏப்ரலில் சில கிராமங்கள் தப்பின. ஜூலையில் ஒரு கிராமத்தின் பயிர் அழிந்தது. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு மக்களின் துயரத்தில் இல்லை; கேள்வி எழுந்த காலத்தில் இருந்தது. முன்னவற்றில் அது பட்டியலாய் இருந்தபோதே கேள்வி எழுந்தது. பின்னதில் இயந்திரம் வந்தபின்னரே நாட்டின் கவனம் திரும்பியது.

6. போதகரின் பங்கு

மேலே கூறியவற்றிலிருந்து ஊழியருக்குரிய சில கடமைகள் விளங்குகின்றன.

முதலாவது, அறிவது. பட்டா, சிட்டா, அடங்கல் ஆகியவற்றைப் படிக்கத் தெரிந்த போதகர் எத்தனை பேர்? அரசிதழ் அறிவிப்பையும், சுற்றுச்சூழல் அனுமதிக்கான பொதுக் கருத்துக் கேட்புக் கூட்ட அறிவிப்பையும் தேடிப் படிப்பவர் எத்தனை பேர்? அத்தகைய கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பது விதி. அந்த முப்பது நாட்களே சபையின் உண்மையான வாய்ப்பு. நாபோத்தின் திராட்சத்தோட்டத்தைப் பற்றி நாம் ஆண்டுதோறும் பிரசங்கிக்கிறோம். ஆனால் அக்கதையில் முத்திரையிடப்பட்ட நிருபங்கள் முந்திச் சென்றன என்பதையும், தீர்க்கதரிசி தோட்டத்துக்கு வந்தபோது நாபோத் இறந்துபோயிருந்தான் என்பதையும் எத்தனை முறை எண்ணிப் பார்த்தோம்?

இரண்டாவது, எழுதிவைப்பது. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பதிவேடுகள் நம்மிடம் உள்ளன. நிலமற்ற ஒரு குடும்பம் இன்ன ஊரில் இத்தனை ஆண்டுகள் வாழ்ந்தது என்பதற்கு அவை எழுத்துச் சான்றாக அமையக்கூடும். ஊர், தெரு, தொழில் ஆகியவற்றை வெறுமையாய் விடாமல் நிரப்புவது எழுத்தர் வேலை அன்று. அது நீதியின் வேலை.

மூன்றாவது, துணிந்து கேட்பது. சாக்சனியிலேயே இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. லைப்சிக்குக்குத் தெற்கே எஸ்பென்ஹைன் என்னும் இடத்திலிருந்த பழைய நிலக்கரி ஆலை சுற்றிலும் காற்றை நஞ்சாக்கியது. கிழக்கு ஜெர்மனியில் கையெழுத்து இயக்கம் நடத்துவது ஆபத்தானது. எனவே 1980-களின் இறுதியில் ரோத்தா ஊரைச் சேர்ந்த கிறிஸ்தவச் சுற்றுச்சூழல் குழுவினர், ஆலையைச் சீர்செய்ய ஆளுக்கு ஒரு மார்க் காணிக்கை என்று அறிவித்து, கொடுத்தவரின் கையொப்பத்தைப் பெற்றுக்கொண்டனர். காணிக்கை சேகரிப்பது திருச்சபையின் வழக்கமாயிற்றே! பல்லாயிரவர் கொடுத்தனர், பல்லாயிரவர் கையொப்பமும் சேர்ந்தது. 1990-இல் அந்த ஆலை மூடப்பட்டது.

நான்காவது கடினமானது. நெய்வேலி நகரியத்தின் சபைகளில் நிறுவனத்தின் அலுவலரும் இருக்கின்றனர். ஒப்பந்தத் தொழிலாளரும் இருக்கின்றனர். நிலம் கொடுத்த குடும்பத்தாரும் இருக்கக்கூடும். ஒரே பாத்திரத்தில் பங்குபெறும் இவர்களுள் ஒருவருக்கு அந்தச் சுரங்கம் ஊதியம். மற்றவருக்கு அது இழப்பு. நாமும் அந்த மின்விளக்கின் ஒளியிலேயே பிரசங்கம் எழுதுகிறோம். ஆதலால் வெளியே நின்று குற்றஞ்சாட்டும் குரல் நம்முடையதாய் இருத்தல் தகாது. இருவரையும் ஒரே அறையில் அமர்த்தி, ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்கச் செய்வது சபையால் இயலும். வேறெந்த அமைப்புக்கும் அது எளிதன்று.

முடிவாக ஒன்று. போர்ணா நகரில் எம்மாவு ஆலயத்தைக் காணச் செல்வோர் அதன் பழைய சுவர்களைத் தொட்டுப் பார்க்கலாம். அது நின்ற ஊரைக் காண இயலாது. வளையமாதேவியிலோ வீடுகள் இன்னும் நிற்கின்றன. சுற்றிலும் உள்ள கிராமங்களில் ஏர் இன்னும் ஓடுகிறது. அடுத்த பட்டியல் எந்த அலுவலகத்தில் தயாராகிறது என்று கேட்க வேண்டிய காலம் இதுவே. நம் குருசேகரத்துக் கிராமம் ஒன்றின் பெயர் அதில் உண்டா என்பதை, இயந்திரம் சொல்வதற்கு முன்னரே நாம் அறிந்திருப்போமாக.